பட்டன் கடைக்கு மேலே

எங்கள் பழைய கட்டடத்துக்கு ஒரு பெயர் இருந்தது. முகப்பில் சிமெண்டால் எழுத்து வார்த்து, அதன்மேல் பச்சை வண்ணமும் பூசியிருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டு யாரும் வந்து சேர்ந்ததாக நினைவில்லை. "பட்டன் கடைக்கு மேல" என்றால் போதும். தபால்காரர், காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து இரண்டு வாரம் தங்கும் சித்தப்பா, எல்லோரும் நேரே வாசலில் வந்து இறங்கிவிடுவார்கள். சித்தப்பாவுக்கு மட்டும் வழி தெரியாமல் போயிருக்கலாமே என்று நினைத்த நாட்கள் உண்டு. அதற்குக் கடையைக் குறை சொல்லி என்ன பயன்.

அந்தக் கடையை வைத்திருந்தவர் பட்டன் அக்கா. சொந்தப் பெயர் வேறு ஏதோ இருந்தது. மின்சார ரசீதுக்கு மட்டும் அது தெரியும். அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றார்கள், அவர் மகளோடு படித்தவர்களும் அக்கா என்றார்கள். கடையில் கூட்டமாக இருக்கும்போது மகள் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்து, பலிக்காமல், "அக்கா, ஒரு நிமிஷம்" என்பாள். உடனே திரும்புவார்.

அது வியாபாரம் செய்யத் திறந்த கடை அல்ல. வீட்டில் நடக்க இடம் வேண்டும் என்று திறந்தது. அக்காவின் கணவர் ஒரு பட்டன் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகப் போவார். விற்காத பெட்டிகளோடு திரும்புவார். ஊருக்கெல்லாம் பட்டன் விற்ற மனிதரின் சட்டையில் கழுத்துப் பட்டன் எப்போதும் இருக்காது. பெட்டிகள் கட்டிலுக்கடியிலிருந்து அலமாரிக்கு ஏறி, அலமாரியிலிருந்து அடுப்படிக்கு வந்தபோது அக்கா சொன்னாராம்: "ஒண்ணு இந்த வீட்டுல பெட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

கணவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்ததே தப்பு என்று அக்கா பிற்பாடு எங்களிடம் சொல்வார். "ரெண்டு பேரும் இருங்க. பெட்டி மட்டும் கீழ இருக்கட்டும்" என்றாராம்.

கீழே ஒரு கார் கொட்டகை காலியாக இருந்தது. கட்டடத்தைக் கட்டியவர், என்றைக்காவது கார் வாங்குவோம் என்ற நம்பிக்கையில் கட்டி வைத்தது. கார் வரவில்லை. பட்டன் வந்தது. பிறகு நூல்கண்டு, ஜிப், எலாஸ்டிக், ஊக்கு, கொக்கி, லேஸ். பின்சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்றைத் தைத்திருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தச் சுவர் நூற்றுக்கணக்கான கண்களால் நம்மைப் பார்ப்பதுபோல் இருக்கும். என் மனைவி புதுசாகக் குடிவந்தபோது, "இந்தக் கடையில எதையும் வாங்காம திரும்ப பயமா இருக்கு" என்றாள்.

அக்காவிடம் ஒரு பழக்கம். துணியைக் கொடுத்து இதே நிறத்தில் நூல் கேட்டால், கடைக்குள் எடுத்துத் தரமாட்டார். துணியையும் நூலையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிடுவார். "டியூப்லைட் பொய் சொல்லும்" என்பார். வெயிலில் பிடித்துப் பார்த்து, திருப்திப்பட்டால்தான் விற்பனை. மழை நாளில் நீல நூல் கேட்டால் நாளைக்கு வரச் சொல்லிவிடுவார். கறுப்பை நீலம் என்று விற்றுவிட்டுத் தூங்க முடியாது என்பது அவர் கட்சி. தூங்குவது பற்றிய பேச்சு பின்னால் வரும்.

கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில், அவர் வீடு. மதியம் மகள் பால்கனியிலிருந்து ஒரு துணிப்பையைக் கயிற்றில் இறக்குவாள். அதில் சாப்பாட்டு டப்பா இருக்கும். சாப்பிட்டு முடித்து அக்கா கயிற்றை இரண்டு முறை சுண்டினால் பை மேலே போகும். இதை இரண்டாம் மாடிக்காரர்கள் பார்த்தார்கள். படியிறங்கும் சிரமம் இல்லாமல் ஜிப் வாங்க இதைவிட வழி இல்லை என்று அவர்களும் ஒரு பை விட்டார்கள். பிறகு எல்லா வீட்டுக்கும் ஒரு கயிறும் பையும் வந்துவிட்டன. துணியில் ஒரு துண்டை வெட்டிப் பையில் போட்டு இறக்கினால், அதற்கேற்ற நூல் ஏறி வரும். காசும் அப்படியே போகும், மீதியும் அப்படியே வரும். சாயங்கால நேரத்தில் தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, எங்கள் கட்டடம் ஏதோ மீன்பிடித்துக்கொண்டிருப்பதுபோல் தெரியும்.

இந்தப் பைகளில் கண்ணியமானது வாத்தியாருடையது. அவர் இரண்டாம் மாடி. கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். பழைய தோல் பை, பூட்டு உடைந்தது. மெதுவாக, ஆடாமல் அசையாமல் இறங்கும். வாத்தியார் மட்டும் கடைக்கு இறங்கவே மாட்டார். கடைக்கும் அவருக்கும் நிரந்தரச் சண்டை. பெயர்ப்பலகை விளக்கு அவர் ஜன்னலில் அடிக்கிறதாம். காலையில் ஷட்டர் தூக்குகிற சத்தத்தில் நெஞ்சு படபடக்கிறதாம். கடையை மூடின பிறகும் கடைவாசலில் பேச்சை யாரும் மூடுவதில்லையாம். கடைசிக் குற்றச்சாட்டு நியாயமானது. அந்தப் பேச்சில் நானும் இருந்தேன். மற்றபடி, அந்தப் பெயர்ப்பலகை வெளிச்சத்தில்தான் அவர் தன் வீட்டு விளக்கைப் போடாமல் சாயங்காலம் முழுக்கப் படிப்பார் என்பது கட்டடத்துக்கே தெரியும். ஒருமுறை பலகையின் விளக்கு பழுதாகி இருட்டியபோது, முதலில் புகார் சொன்னவரும் அவர்தான்.

அக்காவின் கணவர் ஒரு பயணத்திலிருந்து திரும்பி வரவில்லை. வேற்றூர் ஆஸ்பத்திரியிலிருந்து செய்திதான் வந்தது. எல்லாம் முடிந்த சில நாட்களிலேயே அக்கா கடையைத் திறந்துவிட்டார். அவருடைய அண்ணன் ஒருவர் வந்து, ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார்.

"கடையத் திறந்தாத்தாண்ணே ஊரு வரும்" என்றார் அக்கா. "வீட்டுக்குன்னா வர்றதுக்குத் தயங்குவாங்க. வந்து என்ன பேசறதுன்னு தெரியாது. கடைன்னா, ஊசி வேணும்னு வரலாமில்ல."

அப்படியே நடந்தது. அந்த வாரம் எங்கள் தெருவில் யாருக்கும் தேவையில்லாத ஊசிகள் ஏராளமாக விற்றன. எங்கள் வீட்டில் அப்போது வாங்கிய ஊசிப் பொட்டலம் ஒன்று இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. வாத்தியாரின் தோல் பையும் இறங்கியது. அதில் துணி இல்லை, காசு இல்லை. ஒரு ஆரஞ்சுப் பழம் இருந்தது.

இப்படியே வருடங்கள் போயின. மகள் படித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடும்பமானாள். கட்டடம் எங்களைவிட வேகமாகக் கிழடு தட்டியது. மழைக்கு முன்பு படிக்கட்டுச் சுவர் வியர்த்தது. ஒருநாள் சிமெண்ட் பெயரில் பாதி கீழே விழுந்தது. மீதிப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று இடித்துக் கட்ட முடிவானது. கட்டித் தருகிற நிறுவனத்தின் என்ஜினியர் வரைபடத்தோடு வந்தார். இருப்பது ஒரே கேள்வி: தரைத்தளத்தில் கடைகளா, கார் நிறுத்தமா? கடை என்றால் மூன்று கடைகள். ஒன்று அக்காவுக்கு, மற்ற இரண்டை யார் வாங்குவார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம். கார் என்றால் கார் மட்டும். அக்காவுக்குக் கடைக்குப் பதிலாகக் கொஞ்சம் பெரிய வீடு.

கடை வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் கூட்டம் கடையில்தான் நடந்தது. எல்லோரும் உட்கார வேறு இடம் கட்டடத்தில் இல்லை. நான் வாடகைக்கு இருப்பவன். எனக்கு ஓட்டு இல்லை, கருத்து மட்டும்தான். அதனால் அது நிறைய இருந்தது. ஆனால் யாரும் கேட்கவில்லை.

செயலாளர் ஆரம்பித்தார். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. எதிலும் வரப்போகும் ஆபத்தை முதலில் பார்ப்பவர். அக்காவின் முக்காலியில் உட்கார்ந்து, அக்கா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, நீங்க தப்பா நினைக்கக்கூடாது. உங்க கடைன்னா எங்களுக்கு உயிரு. ஆனா 'கடைங்க'ன்னு வர்றப்பதான் பிரச்சனை. பக்கத்துல ஒருத்தன் எண்ணெய்ச் சட்டி வைப்பான். இன்னொருத்தன் உடற்பயிற்சிக் கூடம்னு சொல்லி விடியறதுக்கு முன்னாடி பாட்டைப் போட்டு எடையத் தூக்கிக் கீழ போடுவான்."

"எடையத் தூக்கினா கீழ போட்டுத்தான ஆகணும்" என்றார் முதல் மாடியில் அக்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

"அதத்தான் சொல்றேன். நம்ம தலைக்குக் கீழ போடுவான்."

ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருமையில் கடையைப் பற்றிப் பேசும்போது எல்லோர் குரலும் தழுதழுத்தது. பன்மைக்கு வந்ததும் முகம் மாறியது. அக்காவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போன கதை, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அம்மா வரும்வரை இங்கே பட்டன்களை நிறவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த கதை எல்லாம் வந்தன. கண் கலங்க ஒரு கதையைச் சொல்லி முடித்த நாலாம் மாடி அம்மா, "ஆனா எங்களுக்கு ரெண்டு கார் இருக்கு" என்று உட்கார்ந்தார்.

அப்போதுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. வாத்தியார் படியிறங்கி வந்தார். கடைக்குள் அவர் காலை வைத்தது அதுதான் முதல்முறை. பெட்டிகள் எல்லாம் அவரைப் பார்த்தன.

"கடை இருக்கணும்" என்றார்.

"சார், நீங்களா?" என்றார் செயலாளர்.

"நான்தான். இத்தனை வருஷம் இந்தக் கடையை எதிர்த்துத்தான் நான் உயிரோட இருக்கேன். கார்களை எதிர்த்து என்ன பேசறது? அதுக்குப் பதில் சொல்லத் தெரியுமா? கீழ கடை இல்லாத கட்டடம், வாயில்லாத முகம் மாதிரி. தெருவுல போறவன் நிமிந்து பாக்க என்ன இருக்கும்? இரும்பு கேட்டுதான் இருக்கும். கேட்டப் பாத்து யாராவது நல்லாருக்கீங்களான்னு கேப்பானா?"

அவர் வகுப்புகளில் பாதிப் பேர் தூங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. கை தூக்கச் சொன்னார்கள். கடை வேண்டும் என்று பாதி, வேண்டாம் என்று பாதி, சரிக்குச் சரி. யார் கை தூக்கவில்லை என்று பார்த்தால், டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா.

எல்லோரும் சிரித்தோம். இனி என்ன, முடிந்தது என்று வாத்தியார் எழுந்துகூட விட்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, கடைகள் வேண்டாம் என்ற பக்கம் கையைத் தூக்கினார்.

எழுந்த வாத்தியார் மறுபடி உட்கார்ந்து கேட்டார்: "ஏம்மா, உன் கடைம்மா இது."

"ஆமா வாத்தியாரே. சத்தம் தாங்கல, தூக்கமில்லன்னு வருஷம் தவறாம சொன்னீங்க. நான் உங்களுக்கும் கீழ வீட்டுல படுத்தவ. எனக்கு மட்டும் எப்படித் தூக்கம் வந்திருக்கும்னு நினைச்சீங்க?" கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்தார். "கடை மூடியிருந்தாலும் வீட்டுக் கதவத் தட்டுவாங்க. ஜுரமா இருந்தாலும் தட்டுவாங்க. என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு மணமேடையில ஒருத்தர் வந்து கொக்கி இருக்கான்னு கேட்டார். ஒரு நாளாச்சும், கதவச் சாத்தினா சாத்தினதா இருக்கணும்னு ஆசை. இன்னொருத்தர் கடைக்கு மேல போய் நான் ஏன் குடியிருக்கணும்?"

கல்யாணத்தில் கொக்கி கேட்டவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வரைபடத்தை உன்னிப்பாகப் பார்த்தார்.

கட்டி முடிகிறவரை ஆளுக்கொரு பக்கம் சிதறினோம். என் வீட்டுக்காரர் வெளிநாட்டில். என்னைக் காலி செய்யச் சொல்லவும் அவருக்கு நேரமில்லை, அதனால் நானும் திரும்பி வந்தேன். புதுக் கட்டடத்துக்கு ஒரு மலையின் பெயர். எங்கள் ஊரில் மலையே கிடையாது. தரைத்தளத்தில் தூண்களும் கார்களும். தெருவோரம் நீளமாக ஒரு சாம்பல் நிறச் சுவர். முன்பு கடை சும்மா பார்த்துக்கொண்டிருந்த வேலைக்கு இப்போது ஒரு காவலாளி, ஒரு தடுப்புக் கம்பி, சில கேமராக்கள். காவலாளி நல்ல மனிதர். யார் எந்த வீடு என்று அவருக்குத் தெரியவில்லை என்பது அவர் குற்றமில்லை, எங்களுக்கே தெரியவில்லை. லிஃப்ட் எல்லோரையும் அவரவர் மாடியில் சத்தமில்லாமல் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. முன்பெல்லாம் வேலை முடிந்து வருகிறவன் கடை வெளிச்சத்தில் கொஞ்சம் நின்று, அன்றைய நாளைக் கீழேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவான். இப்போது அதை வீடுவரை தூக்கிக்கொண்டு போகிறோம்.

அக்கா மேல் மாடியைக் கேட்டு வாங்கியிருந்தார். ஒரு அறை முழுக்கப் பெட்டிகள். "வித்துத் தொலைங்கம்மா" என்று மகள் போனில் சொன்னதற்கு, "விக்கத்தாண்டி கடையே வச்சேன். தீர்ந்துச்சா?" என்றாராம்.

கதவைச் சாத்தினார். சாத்தினது சாத்தினதாகவே இருந்தது. யாரும் தட்டவில்லை. முதல் வாரம் அருமையாகத் தூங்கினாராம். இரண்டாவது வாரம் தூங்கித் தீர்ந்துவிட்டது. லிஃப்டில் பார்த்தபோது, "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன். "ரொம்ப நிம்மதி" என்று, பல்வலிக்காரர் பரவாயில்லை என்பதுபோலச் சொன்னார். காவலாளி ஒருநாள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், மேல் வீட்டு அம்மா நல்லாத்தான இருக்காங்க? நேத்து வெளிய வந்து, அவங்க வீட்டு பெல்லை அவங்களே அடிச்சிப் பாத்துட்டு, உள்ள போயிட்டாங்க."

நாங்கள் ஏன் போகவில்லை? மரியாதைதான். தூங்க வேண்டும் என்று அவரே கை தூக்கிக் கேட்டவர். ஒரு பட்டனுக்காக லிஃப்டில் ஏறி, சாத்திய கதவின் மணியை அடித்தால், உட்காரச் சொல்வார், டீ போடுவார், நாம் விருந்தாளியாகிவிடுவோம். கடைக்கு வர ஊசி போதும். வீட்டுக்குப் போக அதைவிடப் பெரிய காரணம் வேண்டியிருந்தது. எங்கள் யாரிடமும் அது இல்லை. இருந்ததெல்லாம் பட்டன் இல்லாத சட்டைகள்.

அந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செயலாளரின் புதுக் காரின் முன்கண்ணாடிக்கு நேரே, பூட்டு உடைந்த ஒரு தோல் பை மெதுவாக, ஆடாமல் அசையாமல், இறங்கி வந்து நின்றது.

காவலாளி விசிலடித்தார். செயலாளர் ஓடிவந்தார். நானும் பால்கனிக்கு வந்தேன். எல்லா பால்கனியிலும் தலைகள்.

"சார், என்ன இது?" என்று செயலாளர் கீழேயிருந்து கேட்டார்.

"சட்டைத் துணி" என்றார் வாத்தியார். "பட்டன் வேணும்."

"கீழ கடை இல்லையே சார்."

"அது எனக்குத் தெரியும். கைக்குத் தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கணத்தில் என் மனைவி என்னைப் பார்த்தாள். முந்தின வாரம் எங்கள் பையும் ஒருமுறை பாதி தூரம் இறங்கித் திரும்பியிருந்தது. அதை வெளியே சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். எதிர் பால்கனிக்காரரும் தன் வீட்டுக் கயிற்றைக் காலால் மறைத்தார்.

அப்போது மேலேயிருந்து ஒரு கூடை இறங்கியது. நாலாம் மாடியைத் தாண்டி, மூன்றாம் மாடியைத் தாண்டி, வாத்தியாரின் பால்கனிக்கு நேரே வந்து ஒரு குலுக்கலோடு நின்றது.

"வாத்தியாரே, பையத் தூக்குங்க. துணிய இதுல போடுங்க" என்று அக்காவின் குரல். தெருவுக்கே கேட்கிற குரல். சாத்திய கதவுக்குள் அது என்ன செய்துகொண்டிருந்ததோ.

வாத்தியார் துணியைப் போட்டார். "வெளிச்சத்துல பாத்துத்தான குடுப்பே?" என்றார் அண்ணாந்து.

"இங்க வெளிச்சத்துக்கு என்ன குறைச்சல். கடையில இருந்தப்பகூட இவ்வளவு இருந்ததில்ல."

கூடை மேலே போனது. திரும்பி வந்தபோது அதில் பட்டன் இருந்தது. வாத்தியார் எடுத்துக்கொண்டார். கூடை மறுபடி மேலே ஏறும்போது நாலாம் மாடி அம்மா கையை நீட்டி அதைப் பிடித்து நிறுத்தினார்: "அக்கா, எலாஸ்டிக் இருக்கா?" இரண்டு கார் வைத்திருப்பவர்களுக்கும் எலாஸ்டிக் தொய்யும்.

சாயங்காலமே செயலாளர் லிஃப்டில் ஏறி அக்கா வீட்டு மணியை அடித்தார். வேறு ஒரு ஆள் அந்த மணியை அடித்தது அன்றைக்குத்தான். குடியிருப்புக்குள் கடை நடத்தக்கூடாது என்ற விதியை நினைவுபடுத்தத்தான் போனார்.

"கடையா? கடை வேணாம்னு கை தூக்கினவளே நான்தான, மறந்துட்டீங்களா?" என்றாராம் அக்கா. "உட்காருங்க. டீ குடிச்சிட்டுப் போங்க. சட்டையில மூணாவது பட்டன் நிக்குமா நிக்காதான்னு தொங்குது பாருங்க."

செயலாளர் டீ குடித்துவிட்டு, பட்டன் நின்ற சட்டையோடு இறங்கி வந்தார். விதி அப்படியே இருக்கிறது. கூடையும் அப்படியே இருக்கிறது. காலையில் வெயில் ஏறின பிறகு இறங்கும், மதியத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். மழை நாளில் நீல நூல் கிடையாது.

வாத்தியார் புகார் எழுத ஆரம்பித்திருக்கிறார். கூடைக் கயிற்றின் நிழல் அவர் ஜன்னலில் ஆடுகிறதாம், படிக்க முடியவில்லையாம். நன்றாகத் தேறியிருக்கிறார். அடுத்த தெருவில் புதுக் கட்டடம் கட்டுகிறவர்கள் தரைத்தளத்தில் கடை வைக்கலாமா என்று அவரிடம் யோசனை கேட்டார்கள். அவசியம் வேண்டும் என்று ஒரு மணி நேரம் பேசினாராம். எங்கள் செயலாளரிடமும் கேட்டார்கள். அவர் வேண்டாம் என்றார். சொல்லும்போது ஒரு கையால் தன் பால்கனிக்கு வந்த கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று காவலாளி சொன்னார்.

போன வாரம் சித்தப்பா போன் செய்தார். ஸ்டேஷனில் இறங்கிவிட்டாராம், புதுக் கட்டடத்தின் பெயர் என்ன என்று கேட்டார். மலையின் பெயரைச் சொன்னால் நிச்சயம் வழி தவறிப் போவார். எனக்கு அது தெரியும். அந்தப் பெயர் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"பட்டன் கடைக்குக் கீழ" என்றேன்.

நேரே வந்து இறங்கிவிட்டார்.